வயதாகும் என்று தெரிந்துதானே கட்டினார்?

மருத்துவக் காப்பீட்டுக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அப்பாவின் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. பதினேழு வருடமாகத் தவறாமல் கட்டுகிறார். கிளைம் கேட்டது ஒரே ஒரு முறை. இந்த வருட பிரீமியம் போன வருடத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஏன் என்று கேட்டால், அடுத்த வயதுப் பிரிவுக்கு வந்துவிட்டாராம். வயதாகும் என்று தெரிந்துதானே இத்தனை வருடம் கட்டினார்?

மருத்துவச் செலவு ஏறுவது உண்மைதான். புதிய மருந்துக்கும் கருவிக்கும் விலை உண்டு. ஆனால் ஏற்றத்தில் ஒரு பங்கு நாமே வரவழைத்துக்கொள்வது. பிரீமியம் கூடியதும் முதலில் விலகுகிறவர் உடம்புக்கு ஒன்றுமில்லாத இளைஞர். மிஞ்சுகிறவர்களில் நோயாளிகளின் விகிதம் கூடும், தலைக்கு ஆகும் செலவு கூடும், பிரீமியம் மறுபடி ஏறும், இன்னும் சிலர் கழன்றுகொள்வார்கள். இதற்கு நிறுவனங்கள் கண்ட வழி, நோயுள்ளவரை வாசலிலேயே வடிகட்டுவது. வடிகட்டியதால் நோய் எங்கும் போய்விடுவதில்லை. முற்றிப்போய் அவசரப் பிரிவுக்கு வருகிறது. அந்தச் செலவும் யாரோ ஒருவர் தலையில்தான் விழுகிறது.

1883இல் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டில் தொழிலாளியின் சந்தா சம்பளத்தைப் பொறுத்து அமைந்தது, அவருடைய நோயைப் பொறுத்து அல்ல. மூன்றில் ஒரு பங்கை முதலாளி கட்டினார். பிஸ்மார்க் ஒன்றும் ஏழைபங்காளர் அல்ல, சோசலிஸ்டுகளை ஓரங்கட்டத்தான் அதைச் செய்தார். போகட்டும், கணக்கு சரி. அங்கே பொதுக் காப்பீட்டில் இன்றும் வருமானத்தை வைத்துத்தான் சந்தா. தாய்லாந்து 2002இல், காப்பீடு இல்லாதவர்களையெல்லாம் வரிப்பணத்தில் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஒரு முறை சிகிச்சைக்கு 30 பாட் கட்டினால் போதும் என்றது.

நான் கேட்பதும் இதுதான்: பிறந்த நாள் முதல் எல்லோரும் ஒரே பொதுநிதியில் இருக்க வேண்டும், அவரவர் வருமானத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். கூடவே மருத்துவமனைக் கட்டணத்துக்கும் கடிவாளம் வேண்டும். இல்லையென்றால் நிதி எவ்வளவு பெரிதோ, பில்லும் அவ்வளவு பெரிதாகும். ஜப்பானில் காப்பீட்டுச் சிகிச்சைக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணப் பட்டியல். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அரசு அதைத் திருத்துகிறது. அப்புறம், படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற பாலிசிகளை நிறுத்துங்கள். மாத்திரையில் அடங்கும் சர்க்கரை நோய்க்குப் பணம் தராமல், கால் எடுக்கும் அறுவைக்கு மட்டும் தருவது என்ன சிக்கனம்?

ஒரே நாளில் ஆகாது, தெரியும். அதுவரை இரண்டு விதிகளையாவது போடலாம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனிநபர் பாலிசியில் இளையவரிடம் வாங்குவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் முதியவரிடம் வாங்கக் கூடாது. பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் போக வேண்டும். குறைந்தால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அங்கேயும் பிரீமியம் ஏறாமல் இல்லை. ஆனால் எவ்வளவு, யாரிடம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது.

அப்பாவின் பாலிசிக்கு இந்த வருடம் எப்படியோ கட்டிவிடுவோம். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அந்த வரம்பையாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரரின் மகன்