பெரிய ஜாதி நாய்க்குட்டிங்கள வீடுகளுக்கு கொடுக்கறது, கருத்தடை பண்ற வயசு சம்பந்தமா கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட கால்நடை சேவை அதிகாரி அவர்கள், கோலகங்சார், பேராக்
அனுப்புநர்: சுங்கை சிப்புட் வட்டார தோட்ட, தாமான் குடியிருப்பாளர்கள்

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

நாங்க கேக்கறத மொதல்லயே சொல்லிடறோம். ஜெர்மன் ஷெப்பர்ட், ரோட்வைலர், லாப்ரடோர், இதுங்களோட கலப்புக் குட்டிங்க, இதெல்லாம் வளக்க கொடுக்கறப்போ கருத்தடைக்கு தனி வயசுக் கணக்கு வேணும், மத்த குட்டிங்களுக்கு மூணு நாலு மாசத்துல பண்ற மாதிரி இதுங்களுக்கும் பண்ண வேணாம். அதுக்காக "வளரட்டும் பாக்கலாம்"னு தள்ளிப்போட்டு கடைசில பண்ணாமயே விடறதும் நடக்கக்கூடாது, அந்த இடத்துலதான் உங்க உதவி வேணும்.

இங்க நடக்கறது இதுதான் ஐயா. செம்பனை தோட்டத்துல ஸ்டோர் காவலுக்கு பெரிய நாய்ங்கள கொண்டு வர்றாங்க, கான்ட்ராக்ட் முடிஞ்சா ஆளுங்க கிளம்பிடறாங்க, நாய் மட்டும் நின்னுடுது. ஒரு ஈத்துக்கு எட்டு, பத்து குட்டின்னு போடுது. யாராவது பாவப்பட்டு அட்டைப் பெட்டில வெச்சு பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) பக்கம் கொண்டு வந்தா, பஞ்சு மாதிரி இருக்கறத பாத்து பிள்ளைங்க அழுது அடம்பிடிச்சு தூக்கிட்டு போயிடுதுங்க. குட்டியோட பாதத்த பாத்தாலே தெரியும், உடம்பு சின்னதா இருக்கும், பாதம் மட்டும் அகலமா இருக்கும், அது முப்பது கிலோவுக்கு மேல வளரப் போற குட்டி. வாங்கறவங்களுக்கு அத யாரும் சொல்றதில்ல. எட்டு மாசத்துல லைன் வீட்டு வாசல்ல கட்ட இடமில்ல, தீனி செலவு தாங்கல, பக்கத்து வீட்டு பாட்டிய தள்ளி விட்டுடுது, அப்புறம் ஒரு ராத்திரி லோரில ஏத்தி செம்பனைக்குள்ள விட்டுடறாங்க. விலங்கு நலச் சட்டம் 2015 இருக்கு, கொடுமைக்கு 1 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம் இருக்கு, ஆனா அந்த இருட்டுல யாரு பாக்கறா? அதுங்க கூட்டம் சேந்து ஆட்ட கடிக்குது, புகார் போகுது, பிடிச்சிட்டு போய் கொன்னுடறாங்க. 2015-ல பெர்லிஸ், கெடா, பினாங்குல வெறிநாய்க்கடி நோய் வந்தப்போ நாய்ங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நாங்க சொல்ல வேண்டியதில்ல.

இப்போ வயசு விஷயம். எலும்பு வளர்ற முனைங்க மூடறதுக்கு பாலின ஹார்மோன்தான் சிக்னல் கொடுக்குது, கருத்தடை பண்ணி அத சீக்கிரமே நிறுத்திட்டா கால் எலும்பு இன்னும் கொஞ்ச நாள் நீளமா வளந்துடும், மூட்டு சரியா பொருந்தாது. சின்ன நாய்ங்களுக்கு இதனால பெருசா பாதிப்பு தெரியல, பெரிய ஜாதிக்குத்தான் பாரம் கூட. அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல 759 கோல்டன் ரிட்ரீவர்ங்களோட ரெக்கார்டு பாத்து 2013-ல வெளியிட்டாங்க, ஒரு வயசுக்குள்ள பண்ண ஆண் நாய்ங்கள்ல 10 சதவீதத்துக்கு இடுப்பு மூட்டு கோளாறு, பண்ணாததுங்கள விட ரெண்டு மடங்கு. 2020-ல அதே குழு 35 ஜாதிங்கள பாத்து ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ரெண்டு வயசு வரைக்கும் பொறுங்கன்னு சொன்னாங்க, 20 கிலோ தாண்டற கலப்பு நாய்ங்களுக்கு ஒரு வயசு வாக்குல. நம்ம ஊர்ல இருக்கறதுல பாதிக்கு மேல இந்தக் கலப்புதான்.

எங்க லைன்ல ஒரு ஷெப்பர்ட் கலப்பு இருக்கு, நாலு மாசத்துல ஆப்பரேஷன் பண்ணித்தான் கொடுத்தாங்க. இப்போ ஓடறப்போ பின்னங்கால் ரெண்டையும் சேத்து குதிச்சு குதிச்சுதான் ஓடும், படுத்துட்டு எழுந்திரிக்கறப்போ முன்னங்கால ஊனி உடம்ப இழுத்து எழும். இதுதான் காரணம்னு டாக்டர் அறுதியா சொல்லல, பரம்பரையும் இருக்கலாம்னாரு. ஆனா இன்னொரு குட்டிக்கு அந்த சந்தேகமே வரக்கூடாதுன்னு நாங்க நினைக்கிறோம்.

அதனால குட்டி எட்டு வாரம் ஆகறதுக்கு முன்ன கொடுக்க விடாதீங்க, கொடுக்கறப்போ வாங்கறவங்க வீட்டுல வேலி இருக்கா, பகல்ல ஆள் இருக்கா, வளந்தா எவ்வளவு எடை வரும்னு புரியுதான்னு ஒருத்தர் நேர்ல பாத்துட்டு கொடுக்கணும். 200 வெள்ளி டெபாசிட் வாங்கி, கருத்தடை பண்ண சீட்ட காட்டினா திருப்பி கொடுத்துடலாம். தேதி வந்தா உங்க ஆபீஸ்ல இருந்து வாட்சப்ல ஒரு மெசேஜ் போட்டா போதும். வேலி இல்லாத வீட்டுக்கு பெண் குட்டி போறதா இருந்தா மட்டும் டாக்டர கேட்டு சீக்கிரமே பண்ணிடலாம், வேண்டாத எட்டு குட்டி பொறக்கறத விட அது மேல். மத்த பெண் நாய்ங்கள ஹீட் (இணை சேர்ற பருவம்) வர்ற மூணு வாரம் உள்ளயே கட்டி வெக்கணும், அது முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஆப்பரேஷன், இத எழுதி கையில கொடுத்துடுங்க. ஒரேயடியா பண்ணாம விட்டா கர்ப்பப்பையில சீழ் பிடிச்சு உயிருக்கே ஆபத்தாயிடும்னும் அதுல சேத்துடுங்க.

பெரிய தடங்கல் ஒன்னு இருக்கு ஐயா. மயக்க மருந்து எடை பாத்துதான் போடறாங்க, நாய் பெருசாக பெருசாக பில்லும் பெருசாகுது. முப்பத்தஞ்சு கிலோ நாய மோட்டார்ல ஈப்போவுக்கு கொண்டு போக முடியாது, வாடகை கார்ல ஏத்த மாட்டாங்க. பொறுத்திருந்து பண்ணுங்கன்னு சொல்லிட்டு வழி காட்டலன்னா யாரும் பண்ண மாட்டாங்க. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சுங்கை சிப்புட் பட்டணத்துலயே பெரிய நாய்ங்களுக்குன்னு கருத்தடை முகாம், சலுகை விலையில, வெறிநாய்க்கடி தடுப்பூசியும் அங்கயே போட்டு, நாய் லைசன்ஸ் எடுக்க நகராண்மைக் கழக ஆளும் ஒருத்தர் உக்காந்தா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும். இடம் பிடிக்கறது, தண்ணி, கூடாரம், நாய்ங்கள ஏத்தி எறக்க லோரி, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்.

இந்த முகாமுக்கு ஒரு தேதி கொடுத்து உதவும்படி பணிவோட கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டார குடியிருப்பாளர்கள்
(கையெழுத்துப் பட்டியல் இணைப்புல)