நீண்டகரையில் வாங்கிய படகை ஜூனில் நாகைக்குக் கிளப்பாதே

அன்புத் தம்பிக்கு,

கேரளத்தில் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் 55 அடி இரும்புப் படகுக்குக் கிரயம் பேசி முடித்துவிட்டாய் என்று தெரிந்து சந்தோஷம். ஜூன் 15 விடியலில் நாகையிலிருந்து முதல் ஆளாகக் கடலுக்குப் போக வேண்டும், அதற்குள் படகைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நிற்கிறாயாம். வேண்டாம் தம்பி, செப்டம்பர் வரை பொறு.

தேதிகளைப் பார். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மேற்குக் கரையில் குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாள் டிரால் (இழுவலை) தடை. நீ வரவேண்டிய கரையில் ஏதாவது ஒரு பகுதி ஜூலை முடியும் வரை பூட்டியே கிடக்கும். தடை மீன்பிடிப்புக்குத்தானே, வெறும் படகு ஓட்டுவதற்கு இல்லையே என்று கேட்பாய். கடலில் மறிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு மாநில மீன்வளத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் கயிற்றை அவிழ்க்காதே.

காகிதத்தைச் சரிக்கட்டினாலும் காற்று விடாது. ஜூன், ஜூலையில் குமரி முனையிலும் மன்னார் வளைகுடாவிலும் தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கும். அக்டோபர் நடுவில் மழை பிடித்துவிட்டால் பாக் நீரிணையில் வாடைக்காற்று எதிர்த்து அடிக்கும். ஆக, செப்டம்பர் பிற்பாதி ஒரு வாய்ப்பு. அதை விட்டால் பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. லாரி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அது 30 அடி ஃபைபர் படகுக்கு ஆகும். உன் படகின் அகலத்துக்கு ஆகாது.

காத்திருக்கும் மாதங்களில் வேலை நிறைய இருக்கிறது. கேரளப் பதிவிலிருந்து தடையின்மைச் சான்று, விற்றவரின் கடன் பாக்கி இல்லை என்று வங்கிக் கடிதம், உன் பெயரில் காப்பீடு மூன்றையும் வாங்கு. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று தகட்டிலேயே பார். அங்கே பெரிய எஞ்சின் வைத்த படகுகள் உண்டு, நம் விதியில் உச்சவரம்பு இருக்கிறது. கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே நாகை மீன்வளத் துறை அலுவலகத்தில் அதைக் கேட்டுவிடு.

பிறகு டீசல் டேங்க். நெடுநாள் நின்ற படகில் அடியில் தண்ணீரும் சகதியும் படிந்திருக்கும். துறைமுகத்துக்குள் எஞ்சின் அழகாக ஓடும். குமரி முனையில் முதல் பெரிய அலை குலுக்கியதும் சகதி கிளம்பி ஃபில்டர் அடைக்கும், எஞ்சின் நின்றுவிடும், படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். டேங்கைத் திறந்து முழுதாகக் கழுவு. முதல் ஃபில்டரும் இரண்டாவது ஃபில்டரும் வகைக்கு ஆறு கையில் இருக்கட்டும். மாற்றிய பின் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றத் தெரிந்தவன் படகில் இருக்க வேண்டும். விசிறியைச் சுழற்றும் தண்டு (சாஃப்ட்) படகை விட்டு வெளியேறும் இடத்தில் உள்ள கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது நல்லது. சொட்டவே கூடாது என்று இறுக்கினால் சூடேறி சாஃப்ட்டில் கோடு விழும். கரையேற்றியிருக்கும்போதே அடித்தகட்டின் கனத்தை மீட்டர் வைத்துப் பார்த்துவிடு, குறிப்பாக எஞ்சினுக்குக் கீழே. புறப்படுவதற்கு முன் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி, டேங்கில் குச்சி விட்டு டீசல் செலவை அள.

வழி ஏறக்குறைய 300 கடல் மைல். நீண்டகரையிலிருந்து குமரி முனைப் பக்கத்துச் சின்னமுட்டம் 80, அங்கிருந்து தூத்துக்குடி 60, பாம்பன் 65, நாகை 100. ஏழு நாட் (மணிக்கு ஏழு கடல் மைல்) வேகத்தில் ஓட்டமே நாற்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல். மணிக்கு 14 லிட்டர் என்றால் 600 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கூட்டி 800 ஏற்று. விழிஞ்ஞத்தில் பெரிய கப்பல்கள் வந்துபோகும், விலகிப் போ. அலை இருக்கும்போது தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துக்குள் ஒதுங்க நினைக்காதே, பலர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி தாண்டினால் 21 தீவும் தேசியப் பூங்கா, வெளிப்பக்கமாகவே வா. விற்றவரின் ஜிபிஎஸ்ஸில் இருக்கும் தடங்களை நம்பாதே, அவை மீன் இருக்கும் இடத்துக்குப் போனவை.

நாள் போவது பாம்பனில்தான். துறைமுக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, தெற்கே நங்கூரமிட்டு நிற்க வேண்டும். கடக்க வேண்டிய கலங்கள் சேர்ந்து, ரயில்வேயும் சம்மதித்தால்தான் தூக்குப்பாலம் உயரும். ஒரு வாரச் சாப்பாடும் தண்ணீரும் கூடுதலாக வை. இரண்டு நங்கூரம் வேண்டும். அங்கே நீரோட்டம் இழுக்கும். வரிசை வந்ததும் பாலத்தடியில் வேகத்தைக் குறைக்காதே, குறைத்தால் சுக்கான் பிடிக்காது.

பாலம் தாண்டியதும் இலங்கை எல்லைக்கோடு பக்கம். கரையை ஒட்டியே கோடியக்கரைக்கு வா, ஆனால் ஆழம் குறைவு என்பதால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரில் ஒரு கண் இருக்கட்டும். வலையையும் அதை விரிக்கும் பலகையையும் நீண்டகரையிலேயே இறக்கி லாரியில் அனுப்பிவிடு. வலை இல்லாத படகை எந்த ரோந்துக் கப்பல் மறித்தாலும் பேச்சு சீக்கிரம் முடியும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வை. ஆபத்தில் அழைக்க விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் 16-ஆம் சேனல், கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எல்லாம் எழுதி வீல் ரூமில் ஒட்டு.

நாகை வந்ததும் வலை ஏற்ற அவசரப்படாதே. ஆய்வு முடிந்து, தமிழ்நாட்டுப் பதிவு எண் எழுதிய பிறகுதான் கடலுக்குப் போகும் டோக்கனும் மானிய டீசலும். எண் எழுதும் பெயின்டரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்