அம்மம்மாவுக்கு, சீனக்குடாவில் எழும்பின பிளேன்களைப் பற்றி

அன்புள்ள அம்மம்மா,

உங்களுக்குக் கண் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இதை வாசித்துக் காட்டும். ஆறுதலாக வாசிக்கச் சொல்லுங்கோ.

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 9 கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீங்கள்! உங்களுக்கு ஏழு வயசு. காலமை வானத்தில் இரைச்சல் கேட்டதும் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் விட்டுவிட்டு உங்கட அம்மா உங்களை இழுத்துக்கொண்டு ஓடினது, தம்பலகாமம் போன வண்டிலில் பதினொரு பேர் நெருங்கி இருந்தது, சீனக்குடா எண்ணெய்த் தாங்கியில் யப்பான்காரன்ர பிளேன் விழுந்து நாள்கணக்காக எரிந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்குப் பிடித்த இடம் வேற. "எங்கட பக்கத்துப் பிளேனும் எழும்பினது மோனை. ஓட்டினவன் எவனோ, ஆற்ர பிள்ளையோ" என்பீங்கள்.

எழும்பினது ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் சண்டைப் பிளேன். ஓட்டினது பெடியங்கள்தான். ஆனால் இங்கிலாந்தில் தொழிற்சாலையில் செய்து முடித்த பிளேன்களை விமானப்படைத் தளங்களுக்குக் கொண்டுபோய் விட ஏடிஏ என்று ஒரு அமைப்பு இருந்தது. அதில் 168 பெண்கள் பிளேன் ஓட்டினவை. 1941 யூலையில் ஹரிக்கேனையும் அவைக்குக் கொடுத்தாச்சு. சீனக்குடாவில் நீங்கள் பார்த்ததில் ஒன்றை முதலில் ஒரு பெட்டை ஓட்டியிருப்பாள் என்று நினைக்க எனக்கு ஆசை.

அவையில் ஒருத்தர் மேரி எல்லிஸ். கலியாணத்துக்கு முதல் மேரி வில்கின்ஸ், கமக்காரன்ர மகள். ஆள் தேவை என்று ரேடியோவில் கேட்டுத்தான் 1941இல் போய்ச் சேர்ந்தவ. சண்டை முடியுமட்டும் ஏறக்குறைய ஆயிரம் பிளேன், 76 வகை. அதில் 400 ஸ்பிட்பயர் என்ற சண்டைப் பிளேன்.

76 வகையையும் ஆர் பழக்கினது என்று கேட்பீங்கள். முக்கால்வாசிக்கு ஒருத்தரும் இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு குறிப்புப் புத்தகம், வளையம் போட்டுக் கோர்த்தது. எந்த வேகத்தில் எழும்பவேணும், எந்த வேகத்தில் இறங்கவேணும், சில்லை எப்ப இறக்கவேணும் என்று சுருக்கமாக இருக்கும். முன்பின் தொட்டிராத பிளேனில் ஏறி இருந்து, அதை வாசித்துவிட்டு வெளிக்கிட வேண்டியதுதான். பேச ரேடியோ இல்லை. துவக்கு இருந்தாலும் குண்டு இல்லை. மேகத்துக்குக் கீழே தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்துப் பார்த்துப் போறது. கந்தளாய்த் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு திருகோணமலைக்கு வாற மாதிரி என்று வையுங்கோ. மழை இருட்டினால்? 1930இல் இங்கிலாந்தில் இருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியப் பறந்த எமி ஜோன்சனும் இந்த வேலையில்தான் இருந்தவ. 1941 சனவரியில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தவ, உடல் கிடைக்கவே இல்லை.

தொடக்கத்தில் பெண்களுக்குச் சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிளேன் என்னவோ ஆளைப் பார்த்து இலேசாகப் பறக்கிறதில்லை. 1943இல் சமமாக்கினார்கள்.

ஒரு நாள் மேரி வெலிங்டன் என்ற பெரிய குண்டுவீச்சு பிளேனைத் தனியக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறா. ஐந்தாறு பேர் ஏறிப் பறக்கிற பிளேன். தளத்தில் நின்றவங்களுக்குச் சின்ன உருவம் ஒன்று இறங்கி வாறதுதான் தெரிந்தது. "பைலட் எங்கே?" என்று கேட்டிருக்கிறாங்கள். "நான்தான்" என்று சொல்லியும் நம்பாமல் உள்ளே ஏறித் தேடிப் பார்த்தவங்களாம். இதை வாசித்தபோது உங்கட "ஓட்டினவன் எவனோ" ஞாபகம் வந்தது, சிரிக்காதேங்கோ.

1944இல் ஒரு ஸ்பிட்பயரை ஒப்படைக்க முதல் அதன் உள்ளே தன்ர பெயரை எழுதி வைத்திருக்கிறா. 2018இல் 101 வயசில் செத்தவ. பிளேன் இன்னும் இருக்குது, பெயரும் இருக்குது.

போன கிழமை அம்மா உங்கட பித்தளைக் குடத்தைப் புளி போட்டு மினுக்கினவ. விளிம்பில் அம்மப்பாவின் பெயர், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடியில் ஆணியால் கீறின மாதிரிக் கோணல் எழுத்தில் உங்கட பெயர் கிடந்தது. அதை எப்ப எழுதினீங்கள், அம்மம்மா? பதிலைப் பிள்ளையிட்டச் சொல்லி எழுதி அனுப்புங்கோ.

அன்புடன்,
உங்கட பேத்தி