ஊன்றுகோலோடு நடந்தவர்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கட்டுப் பிரித்த பிறகும் காலை ஊன்றப் பயமாயிருக்கிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் எனக்கு டெரெக் பிரைசன் ஞாபகம்தான் வந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலைப் பற்றி நாம் ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறோம், அவருடைய இரண்டாவது கணவரான இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானி. 19 வயதில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு முதுகெலும்பில் அடி. இனி நடக்கவே முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்கவில்லை, விடாமல் முயன்று ஊன்றுகோலோடு நடந்தார். கேம்பிரிட்ஜில் விவசாயம் படித்து, கென்யாவில் கொஞ்ச காலம் பயிர் செய்து, அப்புறம் இன்றைய தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலைப் பக்கம் ஒரு பண்ணையில் குடியேறினார்.

அங்கே வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து ஒதுங்கியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவரோ சுதந்திரம் கேட்டுப் போராடிய ஜூலியஸ் நைரேரேயின் டானு கட்சியோடு நின்றார், சுவாஹிலி சரளமாகப் பேசினார், சுதந்திரத்துக்குப் பிறகு சுகாதாரம், விவசாயம் என்று அமைச்சர் பொறுப்புகள் வகித்தார். 1965 தேர்தல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரே கட்சி, தொகுதிக்கு இரண்டு வேட்பாளர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவருக்கு மண்வெட்டிச் சின்னம், மற்றவருக்கு வீடு. அமைச்சர்களே தோற்ற அந்தத் தேர்தலில், அப்போதைய தலைநகரான தார் எஸ் சலாமின் கறுப்பின வாக்காளர்கள் ஓர் ஆப்பிரிக்க வேட்பாளரை விட்டுவிட்டு இவரைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால்தான் அவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்திருந்தது என்பதை நினைத்துப் பார்.

1972இல் தேசியப் பூங்காக்களின் இயக்குநரானார். 1975இல் ஜேனுடன் கல்யாணம். அதே வருஷம் மே மாதம், ஜயரிலிருந்து (இன்றைய காங்கோ) ஏரி வழியாக ராத்திரியில் வந்த ஆயுதக் கும்பல், ஜேன் சிம்பன்சிகளை ஆராய்ந்த இடமான கோம்பேயிலிருந்து 4 மாணவர்களைக் கடத்திக்கொண்டு போனது. அவர்கள் உயிரோடு திரும்பினார்கள், ஆனால் அதற்கப்புறம் வெளிநாட்டு மாணவர்கள் யாரும் அங்கே தங்க முடியவில்லை. சிம்பன்சிகளைப் பற்றி 15 வருஷமாக எடுத்துவந்த குறிப்புகள் அத்தோடு நின்றுபோயிருக்கும். பிரைசன் உள்ளூர்ப் பணியாளர்களை அவர்கள் மொழியிலேயே உட்கார்த்திப் பேசி, இனி இது உங்கள் வேலை என்று தைரியம் கொடுத்தார். அவர்கள் திறமைக்கு என்ன குறை? சிம்பன்சிக் கூட்டங்களுக்கு இடையில் நடந்த அந்தப் பயங்கரச் சண்டையின் முதல் கொலையை 1974 ஜனவரியில் நேரில் பார்த்துச் சொன்னவரே ஹிலாலி மத்தாமா என்ற தான்சானியர்தான். குறிப்பெடுப்பது ஒரு நாளும் அறுபடாமல் தொடர்ந்ததற்கு இந்த ஆட்களும் அவர்களை நம்பிய பிரைசனும்தான் காரணம் என்பேன்.

1980இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது, 57 வயதுதான். அஸ்தியை அவர் நேசித்த இந்தியப் பெருங்கடலிலேயே கரைத்தார்கள்.

சரி, நீ நாளைக்குக் காலையில் வாசல் வரைக்குமாவது நட. தம்பியின் தோளைப் பிடித்துக்கொள், படி இறங்க வேண்டாம். எத்தனை அடி நடந்தாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்