புகலிடத்துக்குள் குழாய்: அனுமதிப் பத்திரத்தில் முதல் நாளே எழுத வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தேசிய வனவிலங்குப் புகலிடங்கள் வழியாக எண்ணெய்க் குழாயோ எரிவாயுக் குழாயோ கொண்டுபோகும் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சமாதானமும் கூடவே வருகிறது: "குழாய் மண்ணுக்கடியில்தானே போகிறது, இரண்டு வருடத்தில் மேலே புல் முளைத்துவிடும்." புல் முளைப்பது உண்மைதான். ஆனால் என்ன புல், எந்த நீர்மட்டத்தில், யாருடைய கூடு இருந்த இடத்தில் என்பதையும் பார்க்க வேண்டும். அவற்றைத் தீர்மானிப்பவை குழாய் இறங்கும் நாளுக்கு வெகு முன்பே, அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளில் எழுதப்படும், அல்லது எழுதாமல் விடப்படும், சில வரிகள். அவற்றைப் பற்றியே இக்கடிதம்.

இது எங்கோ ஓரிடத்தில் நடக்கும் விஷயமல்ல. 1903-ல் ஃபுளோரிடாவின் பெலிகன் தீவில் தொடங்கிய புகலிடங்களில் பல, எண்ணெய் வயல்களுக்கு நடுவிலும் கடற்கரைச் சதுப்புகளிலும் இருக்கின்றன. 2003-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்தபோது, 575 புகலிடங்களில் 155-ல் எண்ணெய், எரிவாயுப் பணிகள் நடந்திருந்தன அல்லது நடந்துகொண்டிருந்தன. 1997-ன் சட்டப்படி, புகலிடத்தின் நோக்கத்துக்குக் கணிசமான இடையூறு செய்யும் எந்தப் பயன்பாட்டையும் அனுமதிக்கக்கூடாது. இதற்கு, அந்தப் பயன்பாடு புகலிடத்தின் நோக்கத்துக்குப் பொருந்துமா என்று சொல்லும் 'இணக்கத் தீர்மானம்' ஒன்றை எழுத்தில் தர வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்லவும் அவகாசம் தர வேண்டும். வேறோரிடத்தில் ஈடாக நிலம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, இணக்கமில்லாத புதிய பயன்பாட்டை இணக்கமானதாக மாற்ற விதிகள் இடம்தரவில்லை. ஏற்கெனவே உள்ள பாதைகளின் பராமரிப்பு, சிறு விரிவாக்கம் ஆகியவற்றுக்கே அதில் விலக்கு உண்டு. இது பலருக்கும் தெரியாததால் பேச்சுவார்த்தை முதலிலேயே தவறான இடத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்து அகலம். கூட்டாட்சி நிலத்தில் எண்ணெய், எரிவாயுக் குழாய்ப்பாதைக்குச் சட்டம் தரும் அகலம், குழாய் கிடக்கும் இடம் போக 50 அடி. (1973-ல் அலாஸ்கா குழாய்த் திட்டத்தை நீதிமன்றம் நிறுத்தியதே அன்றிருந்த அகல வரம்பை அது மீறியதால்தான்; அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.) இந்த 50 அடி நிரந்தரப் பாதை மட்டுமே. வேலை நடக்கும்போது பெரிய குழாய்க்கு 75 முதல் 100 அடிவரை வேண்டும்: ஒரு ஓரம் மேல்மண் குவியல், அடுத்து அடிமண் குவியல், நடுவில் பள்ளம், மறுபுறம் வெல்டிங் வரிசை, குழாயைத் தூக்கும் வண்டிகள், அவற்றைக் கடந்துபோக ஒரு தடம். இத்துடன் ஆற்றங்கரைகளிலும் சாலை ஓரங்களிலும் கூடுதல் வேலைக்களங்கள், குழாய் அடுக்கும் முற்றங்கள், வந்துபோகும் தற்காலிகச் சாலைகள். வரைபடத்தில் ஒற்றைக் கோடாகத் தெரிவதை ஏக்கர் கணக்கில் எழுதித் தரச் சொல்ல வேண்டும், தற்காலிகம் தனியாக, நிரந்தரம் தனியாக. காட்டுப் பகுதியில் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. 80 வயது மரத்தை வெட்டினால் 80 ஆண்டு. நிரந்தரப் பாதையிலோ மரம் வளரவே விடமாட்டார்கள், வேர் குழாயின் மேற்பூச்சைக் கிழிக்கும் என்பதால். அடர்காட்டின் நடுவே திறந்த அந்த இடைவெளியில் நரியும் ரக்கூனும் நடமாடும். பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்டு பறவைகள் காட்டின் உள்பகுதிவரை வந்து சேரும்.

சதுப்பு நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பிரச்சினை நீர்தான். தோண்டி மூடிய பள்ளத்தில் மண் முன்போல் இறுகியிருக்காது. சரிவான நிலத்தில் அது மண்ணுக்கடியில் ஒரு வடிகாலாகவே வேலை செய்யும். பக்கத்துச் சதுப்பின் நீரை உறிஞ்சிக் கீழே கொண்டுபோய்விடும். வெளியிலிருந்து பார்க்க எதுவும் தெரியாது. சில பருவங்கள் கழித்துக் கோரைப்புல் இருந்த இடத்தில் புதர் முளைக்கும்போதுதான் தெரியவரும். இதைத் தடுக்கப் பள்ளத்துக்குள் குறுக்கே மணல் மூட்டைகளாலோ களிமண்ணாலோ தடுப்புகள் வைக்க வேண்டும்: சரிவுகளில் இடைவெளி விட்டு, சதுப்பு தொடங்கும் முனையிலும் முடியும் முனையிலும் கட்டாயம். தடுப்பு, பள்ளத்தின் அடியிலும் இருபுறச் சுவரிலும் பதிந்து நிற்க வேண்டும். வெறுமனே குழாயைச் சுற்றி மூட்டை அடுக்கினால் நீர் பக்கவாட்டில் வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

மேல்மண் விஷயமும் இப்படித்தான். சதுப்பின் விதைகள், கிழங்குகள், நுண்ணுயிர்கள் எல்லாம் மேலே உள்ள ஓரடி மண்ணில் இருக்கின்றன. அந்த 12 அங்குலத்தைத் தனியே எடுத்து, தனியே குவித்து, கடைசியில் மேலே பரப்ப வேண்டும். அடிமண்ணோடு ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. நீர் தேங்கிய இடத்தில் மேல்மண்ணைப் பிரிக்கவே இயலாது என்றால், பாதை வேறிடத்துக்கு மாற வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல காரணம். வண்டிகள் நேரே சேற்றில் இறங்காமல் கனமான மரப்பலகைத் தளங்கள் மீது ஓட வேண்டும். முந்தைய வேலையிடத்தில் கழுவாமல் கொண்டுவந்த பலகை, அங்கிருந்த களைவிதைகளையும் சேர்த்தே கொண்டுவரும். ஃபிராக்மிட்டீஸ் நாணல் போன்றவை ஒரு துண்டு வேர் கிடைத்தாலே போதும். எனவே புகலிட எல்லையில் கழுவுமிடம், ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு.

இன்னொன்று, குழாய் மிதக்கும். 24 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 292 கிலோ நீரை விலக்குகிறது, 9.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகின் எடையோ மீட்டருக்கு 141 கிலோதான். மீட்டருக்கு 150 கிலோ மேல்நோக்கித் தள்ளும் விசை. எரிவாயுக் குழாய் என்றால் இந்த விசை ஆயுள் முழுக்க இருக்கும். எனவே கான்கிரீட் பூச்சோ எடைக்கட்டைகளோ கட்டாயம். கான்கிரீட்டின் பருமனும் நீரை விலக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சதுப்பின் தளர்ந்த மண்ணை மேற்சுமையாக நம்பி எடையைக் குறைத்தால், வெள்ளக் காலத்தில் குழாய் மேலெழுந்து நிற்கும். அதைத் திரும்பப் புதைக்க அதே சதுப்பை இன்னொருமுறை தோண்ட வேண்டியதுதான்.

லூசியானா கடற்கரையைப் பார்த்தால் இதன் நெடுங்கால விளைவு புரியும். அங்கே முன்பு குழாய் பதிக்கும் படகு மிதந்து போவதற்காகவே 40, 50 அடி அகலத்தில், 6 முதல் 8 அடி ஆழத்தில் கால்வாய் வெட்டினார்கள். தோண்டிய சேற்றை இருகரையிலும் மேடாகப் போட்டார்கள். கால்வாய் வழியே உப்புநீர் உள்ளே வந்தது. மேடு, சதுப்பின் மேல் இயல்பாகப் பரவும் ஓதநீரை மறித்தது. ஒரு பக்கம் நீர் தேங்கி வேர் அழுகியது, மறுபக்கம் வண்டல் வராமல் நிலம் தாழ்ந்தது. 1932 முதல் 2016 வரை அந்த மாநிலம் இழந்த கடலோர நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். மிசிசிப்பியின் கரையணைகள், இயற்கையான நிலத்தாழ்வு, புயல்கள் இவற்றுக்கும் அதில் பங்குண்டு. எல்லாப் பழியையும் குழாய்மேல் போடுவது நேர்மையல்ல. ஆனால் கால்வாய்களுக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. மாற்று முறையில் 8, 10 அடி அகலப் பள்ளம் போதும்: ஒரு முனையில் குழாய்களை வெல்டிங் செய்து, மிதவை கட்டித் தள்ளிக்கொண்டே போய், மிதவையை அவிழ்த்து இறக்குவது. இதிலும் ஒரு சிக்கல். தோண்டிப்போட்ட கரிம மண் காற்றுப் பட்டதும் காய்ந்து, ஆக்சிஜனேற்றமடைந்து சுருங்கும். மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பத் தள்ளினால் பள்ளம் நிரம்பாது. மிச்சமிருக்கும் குழி சிறு கால்வாயாகும். எனவே தோண்டியதற்கும் மூடுவதற்கும் இடையே எத்தனை நாள் என்பது நிபந்தனையில் எண்ணாக இருக்க வேண்டும்.

"அப்படியானால் தோண்டவே வேண்டாம், அடியில் துளைத்துக்கொண்டு போய்விடலாம்" என்பார்கள். கிடைமட்டத் துளையிடல் நல்ல முறைதான், இடம் ஏற்றதாக இருந்தால். முதலில் வழிகாட்டும் சிறு துளை, பிறகு அதைப் படிப்படியாக அகலமாக்குவது, கடைசியில் மறுமுனையிலிருந்து குழாயை உள்ளே இழுப்பது. 24 அங்குலக் குழாய்க்குச் சுமார் 36 அங்குலத் துளை வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 650 கன மீட்டர் மண் வெளியே வந்தாக வேண்டும். குழாய் வளைய அங்குலத்துக்கு 100 அடி ஆரம் என்ற நடைமுறைக் கணக்கில் 2,400 அடி ஆரம். 10 பாகையில் இறங்கி 8 பாகையில் ஏறினால் இருபுற வளைவுகளுக்கே 750 அடி போய்விடும். சின்ன ஓடைக்கு இது பொருந்தாது. இழுக்க வேண்டிய குழாயை முழு நீளத்துக்கும் வெல்டிங் செய்து கிடத்த மறுமுனையில் நேரான நீண்ட இடமும் தேவை. அந்த இடமும் புகலிடத்துக்குள்ளேயே இருந்தால் என்ன லாபம்?

துளையிடலில் அஞ்ச வேண்டியது பென்டோனைட் சேறு பீறிடுவது. துளையை நிலைநிறுத்தவும் மண்ணை வெளியே கொண்டுவரவும் அழுத்தத்தோடு செலுத்தும் இந்தக் களிமண் கலவை, மேலே உள்ள மண் தாங்கும் அழுத்தத்தைத் தாண்டினால் பிளவு வழியே மேலே வந்துவிடும். பெரும்பாலும் மண் மெலிதாக உள்ள நுழைமுனை, வெளிமுனைப் பக்கங்களில். பென்டோனைட் நஞ்சல்ல என்பார்கள், சரிதான். ஆனால் ஓடையடியில் படிந்தால் நன்னீர் மட்டிகளும் மீன் முட்டைகளும் மூச்சடைத்துச் சாகும். துளைக்கும் முன் மண்மாதிரி அறிக்கை, ஆழத்துக்கு ஆழம் அழுத்தக் கணக்கு, துளைக்குள் அழுத்தமானி ஆகிய மூன்றும் வேண்டும். திரும்பி வரும் சேற்றின் அளவு குறைந்தால் உடனே நிறுத்த வேண்டும். காரணம் தெரியும்வரை பம்பை ஓட்டக்கூடாது. மணல் மூட்டைகளும் உறிஞ்சும் வண்டியும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கூழாங்கல் படுகையில் துளை இடிந்து விழும். அங்கே இந்த முறையே வேண்டாம்.

சோதனை நீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முடித்த குழாயில் நீர் நிரப்பி அழுத்தம் பார்ப்பார்கள். 24 அங்குலக் குழாய்க்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2.7 லட்சம் லிட்டர். 30 கிலோமீட்டருக்கு 82 லட்சம். வறண்ட பருவத்தில் புகலிட ஓடையிலிருந்து இதை எடுத்தால் ஓடை நின்றுவிடும். ஒரு ஆற்றுப் படுகையில் எடுத்து இன்னொன்றில் கொட்டினால் அயல் உயிர்களும் கூடவே போகும். எங்கே எடுப்பது, எந்த வேகத்தில், எங்கே விடுவது, மண் அரிக்காமல் எப்படி விடுவது என்ற நான்கும் எழுத்தில் வேண்டும்.

திறந்த பள்ளம் இரவில் பொறி. ஏறிவரச் சரிவுகளை இடையிடையே விட வேண்டும், காலையில் வேலை தொடங்குமுன் யாராவது நடந்து பார்க்க வேண்டும், குழாய் முனைகளுக்கு மாலையில் மூடி போட வேண்டும். செலவே இல்லாத வேலை இது.

இயக்கத்துக்கு வந்த பின் வருவது கசிவு. நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் ஓடும் குழாயில் ஒரு சதவீதம் கசிந்தால் 1,000 பீப்பாய், சுமார் 1.6 லட்சம் லிட்டர். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிடும் கண்காணிப்பு முறைகள் அதற்குக் கீழுள்ள கசிவைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதில்லை. பெரிய உடைப்பையும் மனிதர்கள் தவறாகப் புரிந்துகொள்ள முடியும். 2010 ஜூலையில் மிச்சிகனின் மார்ஷல் அருகே 30 அங்குலக் குழாய் வெடித்தபோது எச்சரிக்கை மணிகள் அடித்தும் 17 மணிநேரம் அது உடைப்பு என்று கட்டுப்பாட்டு அறையில் உணரவில்லை. இடையில் பம்புகளை மறுபடி இயக்கினார்கள். சுமார் 8.4 லட்சம் கேலன் கன எண்ணெய் ஓடைக்கும், அதன் வழியே கலமசூ ஆற்றுக்கும் போனது. கன எண்ணெய் குழாயில் ஓடுவதற்காகக் கலந்திருந்த மெலிதாக்கும் திரவம் ஆவியானதும் எண்ணெய் ஆற்றடியில் மூழ்கியது. மிதக்கும் எண்ணெய்க்கான தடுப்பு வேலிகள் மூழ்கியதைப் பிடிக்காது. எனவே குழாயில் என்ன போகும் என்பதை அனுமதியிலேயே வரையறுத்து, அந்தப் பொருளுக்கேற்ற மீட்புத் திட்டத்தைக் கேட்க வேண்டும். 6 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள புதிய குழாய்களில், உடைப்பு உறுதியான 30 நிமிடத்துக்குள் மூடும் வால்வுகளை 2022-ன் விதி கேட்கிறது. அந்த 30 நிமிடம் தொடங்குவது உடைப்பு 'உறுதியான' பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும். புகலிடத்தின் இரு எல்லையிலும் தொலைவிலிருந்து இயக்கும் வால்வு, புகலிட அதிகாரிக்கு நேரடித் தகவல் ஆகியவற்றைத் தனியே எழுத வேண்டும்.

பராமரிப்புக்கும் அப்படியே. மாநிலங்களுக்கு இடையிலான எரிவாயுக் குழாய்களுக்குக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நல்ல நடைமுறை வைத்திருக்கிறது: முழு அகலத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வெட்டக்கூடாது, குழாய்க்கு மேல் 10 அடிப் பட்டையை மட்டும் புல்நிலையிலேயே வைக்கத் தேவையான அளவு அடிக்கடி வெட்டலாம், ஏப்ரல் 15 முதல் ஆகஸ்ட் 1 வரை கூடுகட்டும் காலத்தில் வழக்கமான வெட்டு கிடையாது. எண்ணெய்க் குழாய்ப் பாதைகளுக்கு அந்த ஆணையம் அனுமதி தருவதில்லை. எனவே அந்த வரிகளைப் புகலிட நிர்வாகமே எழுதிச் சேர்க்க வேண்டும். குழாய்க்குள் சோதனைக் கருவி ஓட்டிக் குறை கண்ட இடங்களைத் தோண்டிப் பார்ப்பது ஆயுள் முழுக்க நடக்கும். அந்தத் தோண்டலுக்கும் பருவம், பலகைத் தளம், மேல்மண் விதிகள் பொருந்தும் என்று சொல்லாவிட்டால், முதல் முறை காட்டிய கவனம் இரண்டாம் முறை இருக்காது. பயன்பாடு முடிந்தபின் குழாயை எடுப்பதா, சுத்தம் செய்து அடைத்து விடுவதா, அதற்கான பணம் யார் கையில் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். உள்ளே வெறுமையாக விட்ட குழாய் துருப்பிடித்தபின் நீர் ஓடும் சுரங்கமாகிவிடும்.

ஏன் எல்லாவற்றையும் முதல் நாளே எழுத வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. புகலிடப் பயன்பாடுகளின் இணக்கத்தைப் பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆனால் பத்தாண்டுக்கு மேல் அனுமதி தந்த பயன்பாடுகளுக்கு அந்த மறுபரிசீலனை, நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதை மட்டுமே பார்க்கும். அனுமதி சரியா என்பதைப் பார்க்காது. குழாய்ப்பாதை அனுமதி முப்பது ஆண்டுவரை நீளக்கூடியது. நீர்மட்டத்தை அளக்கும் குழாய்க்கிணறுகள் வேண்டும் என்று தொடக்கத்தில் எழுதாவிட்டால், பத்தாம் ஆண்டு பரிசீலனையில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. சதுப்பு வறண்டதற்குச் சான்றும் இருக்காது. கருத்துக் கேட்பு அவகாசத்தில் எழுதுபவர்கள் 'வேண்டும்', 'வேண்டாம்' என்பதோடு நிறுத்தாமல், பணி தொடங்கும் முன்பே குறைந்தது ஓராண்டு நீர்மட்டப் பதிவு, சதுப்பின் இரு முனையிலும் பள்ளத் தடுப்பின் வரைபடம், தோண்டி மூடும் நாட்கணக்கு ஆகியவற்றை இணைக்கச் சொல்லி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்