ரவுட்டரில் மாட்யூல் மாட்டப் போகிறவர்கள் கவனத்திற்கு

வணக்கம் நண்பர்களே. வேலைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மாட்யூல் என்று நான் சொல்வது ரவுட்டரின் ஸ்லாட்டில் சொருகும் கார்டை, ஃபைபர் கேபிள் அதில்தான் வந்து சேரும்.

முதலில் கண். ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை) முனையையோ, அது சொருகும் போர்ட்டையோ உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வரும் 1310, 1550 நானோமீட்டர் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். இருட்டாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். ஒளி வருகிறதா என்று பார்க்கத்தான் ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டர் இருக்கிறது.

அப்புறம் தூசி. சிங்கிள் மோடு (தொலைதூரத்துக்குப் பயன்படும் ஃபைபர் வகை) இழையில் ஒளி போகும் மையம் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன்மேல் ஒரு துகள் உட்கார்ந்தாலே போதும், சிக்னல் விழுந்துவிடும். போன மாதம் ஒரு லிங்க் (இணைப்பு) வரவே இல்லை. மாட்யூலை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கேபிள் முனையைத் துடைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அது பிரிக்காத புது கேபிள்! அதனால் புதிதோ பழையதோ, துடைத்துவிட்டே சொருகுங்கள். மூடியைக் கடைசி நொடியில் கழற்றினால் போதும்.

கையில் ஆன்டி-ஸ்டாடிக் பட்டை (உடலில் சேரும் நிலைமின்சாரம் கார்டைக் கெடுக்காமல் தடுப்பது) கட்டாமல் கார்டைத் தொடாதீர்கள். ஓரத்தைப் பிடித்து நேராகத் தள்ளுங்கள். இடையில் நின்றால் அழுத்த வேண்டாம், வெளியே எடுத்துப் பின்களைப் பாருங்கள். பவர் இருக்கும்போதே மாட்டலாமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலி ஸ்லாட்டை மூடிவிடுங்கள், இல்லையென்றால் காற்றோட்டம் கெடும்.

சந்தேகம் இருந்தால் மாட்டும் முன்பே இங்கே கேளுங்கள், நான் இருக்கிறேன்.