காட்டுப்பன்றிக் காவலும் இரவில் பார்க்கும் கருவிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுப்பன்றிகளால் மக்காச்சோளமும் நிலக்கடலையும் அழிந்துவருவது குறித்துத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து செய்தி வெளியிட்டு வருகிறது. உடுமலைப்பேட்டை வட்டத்தில் நான்கு ஏக்கரில் மக்காச்சோளம் பயிரிடும் நான், அச்செய்திகளில் இதுவரை இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். இருட்டில் பன்றியைப் பார்ப்பதற்கென்று விவசாயிகள் கைக்காசைப் போட்டு வாங்கும் கருவிகளைப் பற்றியது இது. பன்றியைச் சுட அனுமதி பெற்றவர்களுக்கும் இதே கேள்வி உண்டு என்பதால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. விவசாயி தானே சுடுவதற்கு இதில் இடமில்லை. கேரளத்தில் 2022 மே மாதம் முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியுடன் துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் சுடுகிறார்கள். யார் சுட்டாலும், யார் விரட்டினாலும், பன்றி வருவது ஊர் அடங்கிய பிறகுதான். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரே இரவில் கால் ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போய்விடும்.

சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பதினான்காயிரம் ரூபாய் கொடுத்து ஒரு டிஜிட்டல் இரவு நோக்கி வாங்கினேன். கும்மிருட்டிலும் ஐந்நூறு மீட்டர் வரை தெரியும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். இவ்வகைக் கருவி செல்பேசிக் கேமராவைப் போன்றதுதான். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கொன்றை அதுவே அடித்து, திரும்பி வரும் ஒளியைப் படமாக்குகிறது. வெட்டவெளியில் வரப்பின் மேல் நிற்கும் நாயை எண்பது மீட்டரில் நன்றாகவே காட்டியது. ஆனால் சோளக்காட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால், அருகிலுள்ள தோகைகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் திரை முழுவதும் வெளுத்து, பின்னால் இருப்பது எதுவும் தெரியவில்லை. மார்கழிப் பனியில் நிலைமை இன்னும் மோசம். விளக்கின் ஒளி அலைநீளத்தைப் பொறுத்து 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரு வகை உண்டு; முன்னதில் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும், பின்னது தெரியாது, ஆனால் அது எட்டும் தூரம் குறைவு. என்னிடம் இருந்தது பின்னது என்பதே பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாட்டுத்தொழுவத்தையும் சாளை எனப்படும் தோட்டத்து வீட்டைச் சுற்றியும் பார்த்துக்கொள்ள இக்கருவி போதும். காட்டோரக் காவலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது தெர்மல் எனப்படும் வெப்பநோக்கி. இதற்கு விளக்கு வேண்டியதில்லை. உடம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரையே இது படமாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி அக்கதிரை விடாது என்பதால் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கோவை அருகே மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்க 2024 பிப்ரவரியில் வனத்துறை நிறுவிய கோபுரங்களிலும் தெர்மல் கேமராக்கள் உள்ளன. ஆகவே இத்தொழில்நுட்பம் நம் ஊருக்குப் புதிதன்று.

வாங்குபவர் ஏமாறுவது தூரக் கணக்கில்தான். தொள்ளாயிரம் மீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் ஆளுயர உருவம் ஒன்று இரண்டு மூன்று புள்ளிகளாகத் தெரியும் என்றுதான் பொருள். இதைக் கடைக்காரரைக் கேட்காமல் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். கருவியின் விவரத்தாளில் பிக்சல் அளவு, அதாவது படத்தின் ஒரு புள்ளியைப் பதிவுசெய்யும் உணரியின் அளவு, மைக்ரானிலும், லென்ஸின் குவியத் தூரம் மில்லிமீட்டரிலும் இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்துப் பத்தால் பெருக்கினால், நூறு மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி எத்தனை சென்டிமீட்டரை அடைக்கிறது என்று கிடைத்துவிடும். பன்னிரண்டு மைக்ரான், பத்தொன்பது மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 6.3 சென்டிமீட்டர். நாலடி நீளமுள்ள பன்றி அங்கே பத்தொன்பது புள்ளி நீளத்தில், காலும் மூஞ்சியும் தெரியும்படி நிற்கும். அதே பன்றி முந்நூறு மீட்டரில் ஆறு புள்ளிதான். செல்பேசியில் செருகிக்கொள்ளும் மலிவான தெர்மல் கேமராக்களில் லென்ஸ் மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நூறு மீட்டரில் பன்றி மூன்று புள்ளியாகச் சுருங்கிவிடும். அவை மின்பெட்டியில் சூடான இணைப்பைத் தேடுவதற்கானவை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிதான் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது.

இந்தக் கணக்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற தை மாதம் உறவினர் ஒருவரிடம் தெர்மல் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு பரண் மேல் உட்கார்ந்திருந்தேன். பின்னிரவு இரண்டு மணிக்கு மேல், கிழக்கு வரப்பை ஒட்டித் தாழ்வாக ஒரு வெள்ளைத் திட்டு அசைந்தது. சற்று நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பன்றி கிளறும்போது அப்படித்தான் இருக்கும். பட்டாசுத் திரியைப் பற்றவைக்கக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது அந்தத் திட்டு நிமிர்ந்து ஆள் உயரமாயிற்று. மும்முனை மின்சாரம் வந்ததும் மடை திருப்ப வந்திருந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அவர். இடையில் இருந்தது முந்நூறு மீட்டருக்கும் குறைவு. என் கையில் இருந்தது பட்டாசு. துப்பாக்கியாக இருந்திருந்தால் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

ஆகவே சுடும் குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்பை மட்டும் வாங்கினால், தேடுவதற்கும் அதையே பயன்படுத்த நேரும். அப்படித் தேடும்போது, மடை திருப்புபவராக இருந்தாலும் தோட்டத்து மாடாக இருந்தாலும், கண்ணில் படும் ஒவ்வொன்றின் மீதும் துப்பாக்கியின் குழல் நேராகத் திரும்புகிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கையில் பிடித்துப் பார்க்கும் கருவியை வாங்கி, அதில் தேடி, நெருங்கிய பிறகு சாதாரண விளக்கு வெளிச்சத்தில் விலங்கை உறுதிசெய்துகொண்டு சுடுவதே சரி. ஸ்கோப்பும் வாங்குவோர், படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்பது முறை என்றால் ஓடும் பன்றி விட்டுவிட்டுத் தாவித் தாவித் தெரியும், இருபத்தைந்தோ ஐம்பதோ வேண்டும். தனியார் எவரும் துப்பாக்கி உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்காமல் ஸ்கோப் வாங்க வேண்டாம்.

தெர்மலுக்கும் குறைகள் உண்டு. அது இலைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டாது. தோகை இடைவெளியில் தெரியும் வெப்பத் துண்டுகளை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த பாறையும் மண்சுவரும் முன்னிரவு முழுவதும் பன்றியைப் போலவே ஒளிரும். மழையில் படம் மங்கும்.

நூறு மீட்டரில் பன்றியை அடையாளம் காட்டும் அளவுக்குத் தேறும் தெர்மல் கைக்கருவி அரை லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் தனியே தாங்கக்கூடிய தொகை அன்று. தாங்க முடியாதவர்களில் சிலர் வேலியில் மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாயில் ஒரு நல்ல கருவியை முறைவைத்துப் பயன்படுத்தலாம். எங்கள் பகுதியில் அதற்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

டிராக்டரையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் வாடகைக்குத் தரும் வேளாண்மைப் பொறியியல் துறை, காட்டோர வட்டங்களிலுள்ள வாடகை மையங்களில் இரண்டிரண்டு கைத்தெர்மல் கருவிகளையும் வைக்க வேண்டும். இரவல் பெறுபவரின் பெயரும் தோட்டமும் பதிவானால், அக்கருவி கள்ளவேட்டைக்குப் போகும் என்ற அச்சத்துக்கும் இடமிருக்காது. காவலுக்கு உகந்த கருவியின் குறைந்தபட்சப் பிக்சல், லென்ஸ் அளவுகளை வனத்துறை தமிழில் ஒரு பக்க அறிவிப்பாக வெளியிட வேண்டும். வரும் ஆடிப்பட்ட மக்காச்சோளம் கதிர் விடுவதற்குள் அது வந்தால், என்னைப் போல் பதினான்காயிரத்தைத் தொலைக்கவிருக்கும் பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்,
உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்